ஆம்ப் திருகு: முழுசாகத் திறப்பதா, பாதியில் நிறுத்துவதா, அளந்து வைப்பதா?

ரங்கூனிலும் பெகு, சிரியம் பக்கத்து ஊர்களிலும் கோயில் மைக்செட் வேலைக்குப் போனால் கமிட்டிக்காரர்கள் கேட்கிற முதல் கேள்வி, "ஆம்ப் எத்தனை வாட்டு, தம்பி?" என்பதுதான். ஆம்பின், அதாவது ஆம்ப்ளிஃபயரின், முகப்பில் இருக்கிற இரண்டு திருகுகளை எங்கே நிறுத்தியிருக்கிறாய் என்று இத்தனை வருஷத்தில் என்னிடம் கேட்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஓதுவார். இன்னொருவர் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிற டீச்சர். இரண்டு பேருக்கும் குரல்தான் தொழில். அதனால் அவர்களுக்கு அந்தக் கேள்வி தோன்றியிருக்கிறது.

எனக்கு அந்தக் கேள்வி முக்கியமாகப் படுவதற்கு ஒரு காரணம் உண்டு. 1960களில் தனியார் பள்ளிகள் அரசுடைமை ஆனபின், இங்கே தமிழ் பெரும்பாலும் கோயில் மண்டபத்திலும் வீட்டுத் திண்ணையிலும்தான் பிழைத்திருக்கிறது. பல பிள்ளைகள் வாரத்தில் ஒரு நாள் கோயிலில் கேட்கிற தமிழ்தான் அவர்களுக்குத் தெரிந்த நல்ல தமிழ். அந்த ஒரு நாளும் ஸ்பீக்கரில் குரல் உடைந்து கரகரத்தால், ழகரமும் ளகரமும் அந்தக் காதுகளில் ஒன்றாகவே விழும். மெய்யெழுத்துகளின் தெளிவு பெரும்பாலும் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இருக்கிறது. ஆம்ப் கிளிப் ஆகும்போது, அதாவது தன் உச்சத்தைத் தாண்டி ஒலியை உடைக்கும்போது, பிறக்கிற கரகரப்பு வந்து படிவதும் அதே இடத்தில்தான்.

எனவே ஆம்ப் திருகை எங்கே வைப்பது என்பதற்கு நடைமுறையில் இருக்கிற நான்கு வழிகளையும் எடை போட்டுப் பார்க்கிறேன். புது செட் வாங்கப் போகிற கமிட்டிக்கும், பழைய செட்டை வைத்துச் சமாளிக்கிற தம்பிமாருக்கும் பயன்பட வேண்டும்.

திருகு என்ன செய்கிறது?

அந்தத் திருகு பவரைக் கூட்டிக் குறைக்கிறது என்று நினைப்பவர்களே அதிகம். பாதியில் வைத்தால் 500 வாட் ஆம்ப் 250 வாட் ஆகிவிடும், காசு கொடுத்து வாங்கியது வீண் என்று ஒரு தலைவர் ஐயா என்னிடம் வருத்தப்பட்டிருக்கிறார். அப்படி இல்லை. ஆம்ப் தனக்குள் வருகிற சிக்னலை எப்போதும் ஒரே மடங்குதான் பெருக்கும். திருகு அதற்கு முன்னால் நின்று, உள்ளே வருவதைக் குறைத்து விடுகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. திருகு பாதியில் இருந்தாலும், மைக்குகளின் ஒலியைச் சேர்த்து ஆம்புக்கு அனுப்புகிற மிக்ஸரிலிருந்து இன்னும் கொஞ்சம் அதிகமாக அனுப்பினால் அதே 500 வாட் முழுசாக வரும்.

கணக்காகப் பார்ப்போம். 8 ஓம் ஸ்பீக்கர் பெட்டிக்கு 500 வாட் கொடுக்கும் ஆம்ப் என்றால் அதன் வாயில் 63 வோல்ட் வர வேண்டும். அந்த 63 வோல்ட்டை எட்ட உள்ளே எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது சென்சிட்டிவிட்டி. பல ஆம்புகளில் அது 0.775 வோல்ட், சிலவற்றில் 1.4 வோல்ட், பின்பக்கம் ஒரு சின்ன சுவிட்ச் வைத்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க விடுகிற ஆம்புகளும் உண்டு. 0.775 என்றால் ஆம்ப் ஏறக்குறைய 80 மடங்கு பெருக்குகிறது. 1.4 என்றால் 45 மடங்கு.

இப்போது மிக்ஸர் பக்கம் வாருங்கள். சாதாரண அனலாக் மிக்ஸரில் மீட்டர் ஜீரோவைத் தொடும்போது வெளியே போவது 1.23 வோல்ட். அது உடையாமல் அனுப்பக்கூடிய உச்சம் சுமார் 7.75 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். ஜீரோவுக்கு மேல் இருக்கிற 16 டெசிபெல் இடம் ஹெட்ரூம். தவில் அடி, திடீரென்று உரக்க வருகிற "அரோகரா" எல்லாம் அந்த இடத்துக்குள்தான் ஏறி இறங்க வேண்டும்.

ஆம்ப் 0.775 வோல்ட்டிலேயே தன் உச்சத்துக்கு வந்துவிடுகிறது. மிக்ஸர் 7.75 வரை அனுப்பத் தயாராக இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே பத்து மடங்கு, அதாவது 20 டெசிபெல் வித்தியாசம். இந்த 20 டெசிபெல்லை எங்கே கொண்டு போய் வைப்பது என்பதில்தான் நான்கு வழிகளும் பிரிகின்றன.

முழுசாகத் திறந்து வைப்பது

இதுதான் எங்கும் பரவலான பழக்கம். திருகை வலப்பக்கம் கடைசிவரை திருப்பிவிட்டு, சத்தம் வேண்டிய அளவுக்கு மிக்ஸரில் ஏற்றி இறக்குவது. இதற்கு ஒரு நியாயமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. கடைசிவரை திருப்பிய இடம் எல்லோருக்கும் தெரியும். யாராவது கை வைத்தாலும் திரும்ப அதே இடத்துக்குக் கொண்டு வரலாம். இரண்டு மூன்று ஆம்ப் ஒன்றாக ஓடும் பெரிய செட்டில், முன்னால் புராசஸர் வைத்து அளவு கட்டியிருந்தால், திருகுகளை முழுசாகத் திறந்து வைப்பதுதான் சரியான முறை. பெரிய வாடகை கம்பெனிகள் அப்படித்தான் செய்கின்றன.

ஆனால் கோயில் மண்டபத்தில் புராசஸர் இல்லை. மிக்ஸரிலிருந்து ஆம்புக்கு நேராக ஒயர் போகிறது. அங்கே திருகை முழுசாகத் திறந்தால், மீட்டர் ஜீரோவுக்கு 4 டெசிபெல் கீழே இருக்கும்போதே ஆம்ப் உச்சத்தில் நிற்கும். மிக்ஸர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பையன் பார்ப்பது பச்சை விளக்கு. மீட்டரில் இன்னும் நிறைய இடம் இருப்பதாகத் தெரிகிறது. அவன் ஏற்றுவான். அவன்மேல் தப்பில்லை, மீட்டர் அப்படிக் காட்டுகிறது.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு ஆடி மாதக் கஞ்சி வார்ப்புக்கு இப்படித்தான் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது இரண்டு பெட்டியிலும் ட்வீட்டர், அதாவது கீச்சொலிக்கான சின்ன ஸ்பீக்கர், போய்விட்டது. ஆம்ப் கிளிப் ஆகும்போது அலையின் தலை வெட்டுப்பட்டுச் சதுரமாகிறது. அதே உயரத்தில் நிற்கிற சதுர அலைக்குச் சாதாரண அலையைவிட இரண்டு மடங்கு பவர். போதாததற்கு, மெல்லிய பகுதிகளும் மேலே தள்ளப்படுவதால் ட்வீட்டருக்கு ஓய்வே கிடைப்பதில்லை; அந்தச் சின்னச் சுருள் சூடேறிக் கருகிவிடுகிறது. கமிட்டி என்னிடம் பணம் கேட்கவில்லை. அந்த மாதச் சம்பளத்தில் நானே வாங்கி மாட்டினேன்.

இரண்டாவது குறை இரைச்சல். சத்தத்தை ஏற்றி இறக்குகிற தள்ளுகட்டைகளான ஃபேடர்கள் எல்லாவற்றையும் இறக்கி வைத்திருந்தாலும் மிக்ஸர் தானாகவே கொஞ்சம் ஸ்ஸ் சத்தம் அனுப்பிக்கொண்டே இருக்கும். அது வெறும் 0.044 மில்லிவோல்ட்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 80 மடங்கு பெருக்கி, 98 டெசிபெல் திறனுள்ள (ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 98 டெசிபெல் தருகிற) பெட்டிக்குக் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 40 டெசிபெல் இரைச்சல் கேட்கும். அர்த்தஜாம பூஜையில், விசிறியும் நின்று, ஓதுவார் மூச்செடுக்கிற இடைவெளியில் அது தெளிவாகக் காதில் விழும். திருகை 16 டெசிபெல் இறக்கினால் (ஏன் 16 என்பதைக் கீழே சொல்கிறேன்) அதே இரைச்சல் 24க்கு வந்துவிடும். பெட்டியோடு காதை வைத்தால்தான் தெரியும்.

மூன்றாவது குறையை இந்த நாட்டுக்காரர்கள்தான் நன்றாக அறிவார்கள். கரண்டு முறை வைத்து வருகிறது, போகிறது. போகிற நொடியில் மிக்ஸர் முதலில் சாகும், ஆம்பின் கண்டென்சர்களில் இன்னும் கொஞ்சம் உயிர் இருக்கும். அந்த இடைவெளியில் மிக்ஸர் விடுகிற "டப்" என்ற அடி, திறந்து கிடக்கிற ஆம்ப் வழியாக முழு வேகத்தில் பெட்டிக்குப் போகும். ஜெனரேட்டர் போட்டதும் ஒரு அடி, கரண்டு திரும்பியதும் இன்னொரு அடி. ஒரு நாளைக்கு நாலு தடவை என்றால் ஸ்பீக்கர் காகிதம் எத்தனை நாள் தாங்கும்? திருகை 16 டெசிபெல் இறக்கி வைத்திருந்தால் அந்த அடி ஆறில் ஒரு பங்காகக் குறையும். திருகை முழுசாகத் திறந்து வைக்கிற பழக்கத்தை நான் கைவிட்டதற்கு ட்வீட்டர் கருகியதைவிட இதுதான் பெரிய காரணம்.

பாதியில் நிறுத்துவது

கடிகாரத்தில் பன்னிரண்டு மணி காட்டுவதுபோலத் திருகை நேராக நிறுத்துவது. முழுசாகத் திறப்பது ஆபத்து என்று யாரோ சொல்லிக் கேட்டவர்கள் இதற்கு வருவார்கள். தற்செயலாகச் சரியாகவும் அமையலாம். ஆனால் பாதி என்பது ஒரு அளவே இல்லை. ஒரு ஆம்பில் பாதி 10 டெசிபெல் குறைவு, இன்னொன்றில் 20 டெசிபெல் குறைவு. ஒரே ஆம்பில் இடது வலது திருகுகள் இரண்டையும் கண்ணால் பார்த்துப் பாதியில் வைத்தால்கூட இரண்டு பக்கமும் சமமாக வருவதில்லை. ஆம்பை உள்ளேயே வைத்த பவர்டு ஸ்பீக்கர்களில் மட்டும் பெரும்பாலும் நடுவில் ஜீரோ என்று ஒரு குறி போட்டிருப்பார்கள். அங்கே நடுவில் நிறுத்துவதற்கு அர்த்தம் உண்டு. மற்றபடி இதைப் பற்றி மேலும் சொல்ல ஒன்றுமில்லை.

அளந்து வைப்பது

என் ஓட்டு இதற்குத்தான். இதற்கு மிஷின் எதுவும் வேண்டாம், அரைமணி நேரம் பொறுமை வேண்டும்.

பெட்டிகளின் ஒயரை ஆம்பிலிருந்து கழற்றிவிடுங்கள். ஆம்ப் திருகுகளைச் சுத்தமாக இறக்குங்கள். ஃபோனிலிருந்து 400 ஹெர்ட்ஸ் சீரான ஒலி ஒன்றை மிக்ஸருக்குக் கொடுத்து, மிக்ஸரின் கிளிப் விளக்கு இப்போதுதான் எரியத் தொடங்குகிறது என்ற இடம்வரை ஏற்றுங்கள். அது மிக்ஸரின் உச்சம். இனி அதைத் தொடாமல், ஆம்ப் திருகை மெல்லத் திருப்புங்கள். ஆம்பின் கிளிப் விளக்கு சிமிட்டுகிற இடத்தில் நிறுத்துங்கள். இப்போது மிக்ஸரும் ஆம்பும் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொடுகின்றன. பெட்டி மாட்டிய பிறகு பாரம் ஏறுவதால் ஆம்ப் இன்னும் கொஞ்சம் முந்தியே கிளிப் ஆகும் என்பதையும் மனத்தில் வையுங்கள். ஒயரைத் திரும்ப மாட்டுவதற்கு முன் மிக்ஸரை இறக்க மறந்தால் அந்த ஒலி ஒரே நொடியில் சுருளைச் சுட்டுவிடும், ஜாக்கிரதை.

மல்டிமீட்டர் இருக்கிறவர்கள் ஆம்பின் வாயிலேயே ஏசி வோல்ட் பார்க்கலாம். பெட்டியின் வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வர வேண்டிய வோல்ட் கிடைத்துவிடும். மலிவான மீட்டர்கள் தாழ்ந்த ஒலியைத்தான் சரியாகப் படிக்கும். அதனால்தான் 400 ஹெர்ட்ஸுக்கு மேலே போக வேண்டாம் என்கிறேன். அந்த முனையில் 63 வோல்ட் நிற்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. ஈரக் கையோடு, தரையில் தண்ணீர் தெளித்த மண்டபத்தில் நின்று இதைச் செய்யாதீர்கள்.

நம் உதாரண ஆம்பில் இப்படிப் பொருத்தினால் திருகு 20 டெசிபெல் கீழே வந்து நிற்கும். பாடப்புத்தகப்படி அதுவே சரி. நான் அதிலிருந்து 4 டெசிபெல் மட்டும் திரும்ப ஏற்றி, 16 டெசிபெல் குறைவில் வைப்பேன். ஏன் என்றால், முழுப் பொருத்தத்தில் மீட்டர் ஜீரோவில் ஆம்ப் கொடுப்பது சராசரி 12 வாட் சொச்சம்தான். கூட்டம் சேர்ந்ததும் "சத்தம் பத்தலே" என்ற குரல் வரும், பையன் ஃபேடரைத் தள்ளிக்கொண்டே போவான். 16 டெசிபெல் குறைவில் சராசரி 31 வாட் கிடைக்கிறது. அதற்கு மேல் ஆம்பில் 12 டெசிபெல் இடமும் இருக்கிறது. பேச்சுக் குரலின் சராசரிக்கும் உச்சத்துக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய அந்த 12தான்.

31 வாட் போதுமா என்று கேட்பீர்கள். 98 டெசிபெல் பெட்டிக்கு 31 வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் 113 டெசிபெல். தூரம் இரண்டு மடங்காகும்போதெல்லாம் 6 டெசிபெல் குறையும் என்ற கணக்கில், திறந்த வெளியிலேயே 16 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு 89 டெசிபெல் கிடைக்கும். பக்கத்தில் நிற்கிறவரிடம் கத்திப் பேச வேண்டிய அளவு அது. மண்டபத்துக்குள் சுவர் எதிரொலியும் சேரும். திருகை இறக்கியதால் சத்தத்தில் நாம் இழந்தது எதுவும் இல்லை.

பின்பக்கத்தில் அந்தச் சின்ன சுவிட்ச் இருந்தால் அதை 1.4 வோல்ட்டுக்கு மாற்றுங்கள். 16 டெசிபெல்லில் 5 டெசிபெல்லை அதுவே பார்த்துக்கொள்ளும், மிச்சம் 11ஐத் திருகில் இறக்கினால் போதும். திருகு மிகக் கீழே இறங்கினால் சின்ன அசைவுக்கும் அளவு எகிறிவிடும். அந்தத் தொல்லை இதில் குறைவு.

ஒரு தவறான நம்பிக்கையை இங்கே சொல்லிவிட வேண்டும். ஆம்பை இறக்கி மிக்ஸரை ஏற்றினால் மைக் ஊளையிடாது என்று பலர் நம்புகிறார்கள். ஊளை என்பது மைக்கிலிருந்து பெட்டிவரை உள்ள மொத்தப் பெருக்கத்தைப் பொறுத்தது. இங்கே குறைத்து அங்கே கூட்டினால் மொத்தம் மாறாது, ஊளையும் மாறாது. அதற்கு மருந்து மைக்கை வாயருகே கொண்டு வருவது, பெட்டியை மைக்குக்கு முன்னால் தள்ளி வைப்பது, இரண்டும்தான்.

லிமிட்டர், புராசஸர் வாங்கி வைப்பது

நாலாவது வழி. மிக்ஸருக்கும் ஆம்புக்கும் நடுவில் ஒரு பெட்டியை வைத்து, இந்த வோல்ட்டுக்கு மேல் போகாதே என்று கட்டிவிடுவது. தெரியாதவர் கை வைக்கிற இடத்தில் இது நல்ல காவல். தீமிதி, தேர் போன்ற நாள்களில் மிக்ஸரில் நாலு பேர் கை மாறும். அங்கே இதற்குச் செலவு செய்வது நியாயம்.

ஆனால் இதை வாங்கிவிட்டால் மற்ற அளவுகளைப் பார்க்க வேண்டாம் என்று எண்ணுவது பெரிய தவறு. மிக்ஸரிலேயே உடைந்த குரலை லிமிட்டர் ஒட்டவைக்காது. தலை வெட்டுப்பட்டு வந்த அலை அப்படியே பெட்டிக்குப் போகும். அத்துடன், ஃபேடரை ஏற்றிக்கொண்டே இருந்தால் லிமிட்டர் விடாமல் அமுக்கிக்கொண்டே இருக்கும். உச்சம் தாண்டாது, ஆனால் சராசரி ஏறி ஏறிச் சுருள் சூடாகும். முதலில் அளந்து வைத்து, அதன் மேல் லிமிட்டரை வைத்தால்தான் அது எப்போதாவது தொட்டுவிட்டு விலகும். கமிட்டியிடம் இருப்பது ஒரு தொகைதான், லிமிட்டரா நல்ல மைக்கா என்றால், மைக் வாங்குங்கள் என்பேன்.

மைக்கிலிருந்து தொடங்க வேண்டும்

ஆம்ப் திருகைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டேன், ஆனால் அது கடைசிக் கதவு. முதல் கதவில் தவறினால் கடைசியில் எதைச் செய்தும் பயனில்லை.

1966இலிருந்து விற்பனையில் இருக்கிற ஷூர் எஸ்எம்58 மைக்கை எடுத்துக்கொள்வோம். 94 டெசிபெல் ஒலிக்கு அது கொடுப்பது 1.85 மில்லிவோல்ட். நாதஸ்வரத்தின் விரிந்த வாயான அணசுக்கு முன்னால் வைத்தால் 114 டெசிபெல் எளிதாக வரும், அப்போது 18.5 மில்லிவோல்ட். அதை மீட்டர் ஜீரோவுக்குக் கொண்டுவர 36 டெசிபெல் கெயின், அதாவது மிக்ஸரின் முதல் கட்டப் பெருக்கம், போதும். அதே மைக்கை ஓதுவார் ஐயாவுக்கு ஏறக்குறைய ஒரு அடி தூரத்தில், 30 சென்டிமீட்டரில் வைத்தால், அவர் குரல் அங்கே 80 டெசிபெல் என்றால், கிடைப்பது 0.37 மில்லிவோல்ட். அதை ஜீரோவுக்கு ஏற்ற 70 டெசிபெல் வேண்டும். சாதாரண மிக்ஸரின் கெயின் திருகு 60க்கு மேல் போகாது. போனாலும் இரைச்சலோடுதான் போகும். மைக்கை நாலு விரல் தூரத்துக்கு, 7.5 சென்டிமீட்டருக்குக் கொண்டு வந்தால் 12 டெசிபெல் இலவசமாகக் கிடைக்கிறது. 58 டெசிபெல் கெயினில் வேலை முடிந்துவிடும். மைக் ஸ்டாண்டை நகர்த்தச் செலவு ஒன்றும் இல்லை.

ஓதுவார்கள் பெரியவர்கள், "கொஞ்சம் கிட்ட வாங்கய்யா" என்று சொல்ல நமக்குக் கூச்சமாக இருக்கும். நான் பூஜைக்கு முன்பே போய்க் கும்பிட்டு, அவர் உட்காரும் இடத்தைக் கேட்டு, மைக்கை அவர் வாய்க்கு நேராக வைத்துக் காட்டிவிடுவேன். ஒரே ஒரு பதிகம் பாடச் சொல்லி, அப்போது கெயினை ஜீரோவுக்கு வைப்பேன். "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று நாம் சொல்லிப் பார்த்து வைக்கிற அளவு அவர் குரலுக்குப் பொருந்தாது.

நாதஸ்வரத்தையும் ஓதுவாரையும் ஒரே மைக்கில் மாற்றி மாற்றிப் பாட விடுகிற கோயில்கள் இருக்கின்றன. தயவுசெய்து வேண்டாம். இரண்டுக்கும் கெயினில் 20 டெசிபெல்லுக்கு மேல் வித்தியாசம். ஓதுவாருக்கு வைத்த கெயினில் நாதஸ்வரம் நுழைந்தால் மிக்ஸரின் முதல் கட்டமே உடையும். ஃபேடரை இறக்கினால் சத்தம் குறையுமே தவிர உடைந்தது உடைந்ததுதான். பர்மியக் கல்யாணங்களுக்குச் செட் போடுகிற நண்பர்களுக்கும் இதே அனுபவம்: 21 மேளங்கள் வட்டமாக நிற்கிற சைங் வைங் குழுவில், நம் நாதஸ்வரத்தைப் போலவே சீவாளி வைத்து ஊதுகிற ஹ்னேயும் உண்டு. அதற்கென்று தனிச் சேனல் வைத்து, கெயினைக் கிட்டத்தட்ட அடியிலேயே விட்டுவிடுவார்கள்.

காலையில் சுப்ரபாதம் போடுகிற ஃபோனைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபோனின் சத்தத்தை முக்கால்வாசிக்கு மேல் ஏற்றிவிட்டு, மிக்ஸரில் கெயினைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஃபோனில் கால்வாசி வைத்து மிக்ஸரில் இழுத்தால் இரைச்சலைத்தான் இழுப்பீர்கள்.

கரண்டு இறங்கினால்

எழுதப்பட்ட கணக்கு எல்லாம் 230 வோல்ட் வருகிற ஊருக்கு. ரங்கூனைத் தாண்டினால் மாலை ஆறு மணிக்கு 180 வருகிற இடங்களை நான் மீட்டர் வைத்துப் பார்த்திருக்கிறேன். இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் வைத்த கனமான பழைய ஆம்ப் என்றால் உள் வோல்ட்டும் அதே விகிதத்தில் இறங்கும். 500 வாட் ஆம்ப் 306 வாட் ஆம்ப் ஆகிவிடும். உச்சத்தில் 2 டெசிபெல் போய்விட்டது, ஆனால் பெருக்கம் பழைய மடங்கிலேயே இருக்கிறது. மதியம் நன்றாக இருந்த செட் மாலையில் கரகரப்பதற்கு இதுதான் காரணம். ஸ்பீக்கரைச் சந்தேகிக்க வேண்டாம். அத்தகைய ஊர்களில் திருகை இன்னும் 2 டெசிபெல் இறக்கி, 18 குறைவில் வைத்துவிடுவேன். ஸ்டெபிலைசர் போடுகிறீர்கள் என்றால் ஆம்பின் பவரைத் தாங்குகிற பெரியதாகப் போடுங்கள். சின்னது போட்டால் தவில் ஒவ்வொரு அடிக்கும் அதுவே திணறும். சுவிட்ச் மோட் சப்ளை வைத்த இலேசான புது ஆம்புகளில் பல இதை ஓரளவு தாங்குகின்றன. வாங்கும் முன் பின்பக்கம் எழுதியிருக்கிற வோல்ட் எல்லையைப் படித்துப் பாருங்கள்.

கரண்டு போனவுடன் ஆம்பின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். திரும்பி வந்ததும் முதலில் மிக்ஸர், கொஞ்சம் பொறுத்துக் கடைசியாக ஆம்ப். அணைக்கும்போது ஆம்ப் முதலில். ஆளே இல்லாத நேரத்தில் கரண்டு திரும்புகிற கோயில்களில் இதைச் செய்ய ஆளில்லை. அங்கேதான் திருகு இறக்கி இருப்பது ராத்திரியெல்லாம் காவல் நிற்கிறது.

எந்த இடத்துக்கு எது?

ரங்கூன் பக்கத்துக் கம்பை, டலா மாதிரி இடங்களில் இருக்கிற நடுத்தர மண்டபம், ஒரு மிக்ஸர், ஒரு ஆம்ப், இரண்டு பெட்டி: அளந்து வைப்பது, 16 டெசிபெல் குறைவு, அதோடு நிறுத்திக்கொள்ளலாம். பீலிக்கான் அங்காள பரமேஸ்வரி கோயில் தீமிதி மாதிரி வெட்டவெளியில் பெருங்கூட்டம் சேருகிற இடத்தில் 12 டெசிபெல் குறைவுவரை ஏற்றலாம். அப்போது ஜீரோவுக்கு மேல் ஆம்பில் 8 டெசிபெல்தான் மிஞ்சும் என்பதால் லிமிட்டர் இல்லாமல் அதைச் செய்யக் கூடாது. அதைவிட, பெட்டிகளைக் கூட்டி நாலு இடத்தில் பிரித்து வைப்பதே மேல். பவரை இரண்டு மடங்காக்கினால் 3 டெசிபெல்தான் கிடைக்கும், கேட்பவரின் தூரத்தைப் பாதியாக்கினால் 6 கிடைக்கும்.

வெளியே கோபுரத்துப் பக்கம் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தால் அது நீண்ட ஒயருக்கான 100 வோல்ட் லைன் ஆம்பில் தனியாக ஓடும். அதன் அளவை உள்மண்டபத்தோடு சேர்த்துக் கட்டாதீர்கள். அடுத்த தெருவில் புத்தவிகாரம் இருக்கும், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் இருப்பார்கள். குழாய்க்கு மிக்ஸரில் தனி வெளியீடு கொடுத்து, விடிகாலை அளவு ஒன்று, திருவிழா அளவு ஒன்று என்று குறித்து வைத்துக்கொண்டால், உள்ளே ஓதுவாருக்காக ஏற்றும்போது வெளியே ஊர் எழுந்திருக்காது.

சித்திரைப் பிறப்பும் திஞ்ஜான் என்கிற பர்மியத் தண்ணீர்த் திருவிழாவும் ஒட்டியே வருகிற ஏப்ரலில் வாடகைக்கு நல்ல செட்டும் கிடைக்காது, தெரிந்த ஆளும் கிடைக்க மாட்டார். எல்லாரும் திஞ்ஜான் பந்தல்களுக்குப் போய்விடுவார்கள். அந்த நாளைக்கு உங்கள் செட்டை யார் ஓட்டுவார் என்பதைப் பங்குனியிலேயே முடிவு செய்யுங்கள். அளவுகளை அப்போதே வைத்து, ஆம்ப் திருகுகளின் மூடியைக் கழற்றி ஒரு உறையில் போட்டு அலமாரியில் வையுங்கள். வெறும் தண்டை யாரும் திருப்ப மாட்டார்கள். கழற்ற முடியாத திருகு என்றால் வெள்ளை டேப்பில் கோடு போட்டு ஒட்டுங்கள். மிக்ஸரிலும் ஓதுவார் சேனல் கெயினுக்கு ஒரு கோடு, நாதஸ்வரத்துக்கு ஒரு கோடு. மீட்டர் ஜீரோவைத் தாண்டி நிற்க வேண்டாம் என்று ஒரு அட்டையில் தமிழிலும் பர்மிய மொழியிலும் எழுதி மிக்ஸர் மேலே ஒட்டுங்கள். அன்றைக்கு வருகிற பையன் எந்த மொழியைப் படிப்பான் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.